ஒரு மாசத் தீட்டு

அசையக் கூடாது என்றால் அசையக் கூடாது, அவ்வளவுதானே, இதைப் போய் மைக்கில் இத்தனை தரம் சொல்ல வேண்டுமா என்று துளசிமணிக்கு எரிச்சலாகத்தான் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்த ஸ்கேன் மெஷின்காரப் பெண், அம்மா மூக்கு அரிச்சாலும் சொறியாதீங்க, தூங்கினாக்கூடப் பரவாயில்லை, அசையாதீங்க என்கிறாள். யாரிடம் சொல்கிறாள்? தாராபுரத்தில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் துளசிமணி. கிளட்ச்சை எப்போது விடுவான் என்று அவனுக்கே தெரியாத ஒருத்தன் பக்கத்தில், எதிரே மணல் லாரி வரும்போது, முகத்தில் ஒரு சுருக்கம் காட்டாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவள். பக்கத்து சீட்டில் இருக்கிறவள் பதறினால் ஓட்டுகிறவன் கண்ணை மூடிவிடுவான், அப்புறம் வண்டி வாய்க்காலுக்குள்தான். புருசன் போன மறு மாசமே அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பொம்பளைகிட்ட எவன் வந்து வண்டி பழகுவான், போர்டைக் கழட்டிட்டு வண்டியை வித்துப்போடு என்றார் கொழுந்தனார். அவர் மருமகளே பிறகு அவளிடம்தான் பழகினாள், ஒரே தடவையில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கினாள். பெருமைக்காரி என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பேசட்டுமே, பெருமைப்பட விஷயம் இருக்கிறவள் படுகிறாள், இவர்களுக்கு என்ன வந்தது. ஆனால் மேல் தட்டு கிறுகிறுவென்று இறங்கி மூக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றபோது, வெட்கக்கேடு, வலது கால் தானாக அழுத்தப் பார்த்தது. பழகுகிற காரில் இடது பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு, அவள் கால் எந்நேரமும் அதன் மேலேயே இருக்கும், பஸ்ஸில் போனாலும் சம்பந்தி வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. இங்கே அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை. கையையும் உடம்பையும் சேர்த்துத் துணிப்பட்டையால் கட்டியிருந்தார்கள், காலுக்கும் ஒரு பட்டை போட்டிருந்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் இவள். மேசை நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை, முதல் கியரில்கூட இவ்வளவு மெதுவாக எவனும் போனதில்லை. தலையில் ஆரம்பித்துக் கால் வரைக்கும் போகுமாம். சில நாளைக்கு முன்னால் ஈயக் குடுவையிலிருந்து எடுத்து விழுங்கச் சொன்னார்களே ஒரு மாத்திரை, அது உடம்பில் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று இந்தத் தட்டு கண்டுபிடித்துப் படம் போட்டுக் காட்டும். தைராய்டு. தைராய்டு இல்லாத வீடு இன்றைக்கு எது, எல்லாருந்தான் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறார்கள், அந்தத் தைரியத்தில்தான் கழுத்துக் கட்டியை அறுத்தபோது கூச்சமில்லாமல் ஊருக்கே சொன்னாள். கட்டியைச் சோதனைக்கு அனுப்பி வந்த சங்கதியைத்தான் யாருக்கும் சொல்லவில்லை. முதுகு வலி அதற்கு முன்னாலேயே இருந்தது. காலமெல்லாம் பள்ளம் மேடு பார்க்காமல் காரில் உட்கார்ந்திருக்கிறோம், வலிக்காமல் என்ன செய்யும் என்று சீட்டைக் கழற்றிப் புதுசு போட்டாள், அதற்கு மேல் பஞ்சு வைத்துத் தைத்தாள், சின்னராசு வண்டியைத் தூக்கித் தூக்கி ஓட்டுகிறான் என்று அவனை வேறு திட்டினாள். பாவம், சின்னராசு. அவளிடமே பழகி அவளிடமே வேலைக்குச் சேர்ந்தவன், திட்டினால் தலையைச் சொறிவான். சீட்டு என்ன செய்யும், நோய் கழுத்தை விட்டு எப்போதோ கிளம்பிப் போய் முதுகெலும்பில் ஒரு பட்டாணி அளவுக்குக் குடியேறியிருந்தது. நெஞ்சில் இரண்டு பக்கமும் கடுகு சிதறின மாதிரி. டாக்டரம்மா படத்தைக் காட்டினபோது துளசிமணிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். இத்தனை தூரம் எனக்குத் தெரியாமல் எப்படிப் போயிற்று, நான் பார்க்காமல் என் வண்டி ஒரு கண்ணாடியை உரசியது கிடையாதே. டாக்டரம்மா நல்ல மாதிரி, பொறுமையாகச் சொன்னார். அதுகள் நெஞ்சுக்குப் போனாலும் எலும்புக்குப் போனாலும் தைராய்டுதான், அயோடினைக் கண்டால் விடாது, கழுத்தில் இருந்தபோது எப்படி இழுத்துக்கொண்டதோ அதே மாதிரி இழுத்துக்கொள்ளும், அந்த அயோடினுக்குள்ளேயே கதிர்வீச்சை வைத்து அனுப்புகிறோம் என்றார். இழுத்துக்கொண்டால் அந்த இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிக்கொடுத்த பொண்ணு எத்தனை தூரம் போனாலும் பொறந்த வீட்டுக் கைப்பக்குவத்தை விடமாட்டாள், அது மாதிரியா என்று கேட்டாள். டாக்டரம்மாவும் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு மீதியைச் சொன்னார்.

மீதிதான் விஷயமே. மூக்குக்கு மேலே இருந்த தட்டு இப்போது கழுத்துக்கு வந்திருக்கும், அந்தத் தழும்பின் மேல் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது, ஒன்றும் ஊரவில்லை, மனசுதான் ஊர்ந்தது. இழுத்துக்கொண்டால் மருந்து உள்ளேயே தங்கி வேலை செய்யும், உயிருக்கு நல்லது, ஆனால் ஒரு மாசத்துக்குப் பிள்ளைத்தாச்சி பக்கமும் கைக்குழந்தை பக்கமும் போகக் கூடாது. இழுக்கவில்லை என்றால் குடித்த தண்ணீரோடு தண்ணீராய் வெளியே போய்விடும், இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம், யாரோடும் இருக்கலாம். ஆனால் இந்த மருந்து இனி உங்களுக்கு ஆகாது என்று அர்த்தம், அப்புறம் இருக்கிற வழிகள் அவ்வளவு நல்ல வழிகள் இல்லை. ஒரு பக்கம் இவள் உயிர். இன்னொரு பக்கம் கௌசிகா. ஒரே மகள், பெருந்துறையில் கட்டிக்கொடுத்த மகள், ஒன்பதாம் மாசம் பிறந்துவிட்டது, தலைப்பிரசவம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்ச் சம்பந்தி வீட்டில் விருந்து வைத்து, மகளைக் கையோடு அழைத்து வந்து, தன் வீட்டில் வைத்துப் பிரசவம் பார்த்து, பேரனோ பேத்தியோ முதலில் தன் கையில் வாங்க வேண்டும். அப்பன் இல்லாத பிள்ளை என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று காது குத்திலிருந்து கல்யாணம் வரைக்கும் ஒரு சீரிலும் குறை வைக்காதவள் துளசிமணி. அம்மா, புளிசாதம் நிறையக் கொண்டா, இங்க எனக்கு அதே நெனப்பாவே இருக்குது என்று போன மாசம் போனில் சொன்னாள் கௌசிகா. அந்தக் குரல் இப்போது இந்தத் தட்டுக்கும் முகத்துக்கும் நடுவில் வந்து நின்றது. கண்ணில் தண்ணீர் கட்டியது. துடைக்கக் கை இல்லை. காதுக்குள் வழிந்து குளிர்ந்தது. முதுகெலும்புக் கட்டி நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, பிரசவம் வரைக்கும் காத்திருக்க முடியாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார், அதனால் நாள் குறித்தாயிற்று. கட்டுச்சோற்றுக்கு என்ன சொல்வது? சம்பந்தியம்மா பூங்கொடியிடம் போய், எனக்கு இந்த மாதிரி என்று சொல்வதா? சொன்னால் அந்த வீட்டில் கௌசிகாவை எப்படிப் பார்ப்பார்கள், அம்மாவுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும் என்று வயிற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட மாட்டார்களா? பிள்ளைத்தாச்சிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அதெல்லாம் சாக்கு. உள்ளதைச் சொன்னால், பாவம் அந்தப் பொம்பளை என்று பூங்கொடி தன்னைப் பார்க்கும் பார்வையைத்தான் துளசிமணியால் தாங்க முடியாது. ஏற இறங்கப் பார்த்தாலும் பரவாயில்லை, பாவம் பார்க்கக் கூடாது.

நாள் குறித்த அன்றைக்குப் பூங்கொடியோடு போனில் பேசும்போதுதான் நாக்கில் வந்து விழுந்தது அந்தப் பொய். ஏனுங்க, எங்க பங்காளி வீட்டுல ஒரு சாவு ஆகிப்போச்சுங்க, ஒரு மாசம் தீட்டு, நா வர முடியாது, புள்ளையையும் கூட்டிக்க முடியாது. தீட்டு என்றால் ஒருத்தரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள், ஒரு மாசம் தொடாமல் தள்ளி இருக்க அதைவிடப் பொருத்தமான காரணம் கொங்குநாட்டில் இருக்கிறதா என்ன, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள். ஆனால் பூங்கொடி மரியாதை தெரிந்த பொம்பளை ஆயிற்றே, அடடா யாருங்க தவறினது என்று கேட்டாள். யாரென்று யோசித்துவைக்கவில்லை. செத்துப்போன பங்காளிகள் எத்தனையோ பேர் இருக்க, அந்த நேரத்தில் வாயில் வந்தது காங்கயத்தில் கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருக்கும் பெரியமாமனார் குழந்தைவேலு பேர். அத்தோடு போயிற்று என்றுதான் நினைத்தாள். மரியாதை தெரிந்தவர்கள் துக்கம் விசாரிக்கப் போவார்கள் என்பதை எப்படி மறந்தாள்? பூங்கொடியும் அவள் வீட்டுக்காரரும் பெரிய ரோஜா மாலையோடு, நாலு பேர் முன்னால் குறை தெரியக் கூடாது என்று கார் வைத்துக்கொண்டு காங்கயம் போனார்களாம். வாசலில் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவரிடமே, பெரியவர் வீடு எதுங்க, எப்ப எடுத்தாங்க என்று கேட்டார்களாம். நேற்று சாயங்காலம் பிளாஸ்டிக் பை சுற்றிய போனில் அவர் கூப்பிட்டார். கதிர்வீச்சு ஒட்டக் கூடாதென்று இந்த ஆஸ்பத்திரி அறையில் போனுக்கும் பை, செருப்புக்கும் பை, சாப்பாடு மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். "ஏனம்மிணி, நா எப்பச் செத்தேன்?" என்றார். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. மாலையை வீணாக்க வேண்டாம் என்று காளைக்குப் போட்டுவிட்டாராம், அது பாதியைத் தின்றுவிட்டதாம். துளசிமணி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே, மன்னிச்சுக்குங்க மாமா என்றாள், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. உன் சம்பந்தி வெத்தலை பாக்கு வாங்கிக்கிட்டு அம்மிணி, நேரா உன் டிரைவிங் ஸ்கூலுக்குத்தான் போறேன்னு போச்சு என்றார் அவர். ஸ்கூலில் இருப்பது சின்னராசு. இவளைக் கூட்டிவந்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் அவன்தான், உலகத்தில் டாக்டரைத் தவிர அவனுக்கு மட்டுந்தான் தெரியும். சிவப்பு விளக்கில்கூட ஒரு நொடி நிற்கத் தெரியாதவன், அவன் வாய் நிற்குமா? சற்று நேரத்தில் அவனே கூப்பிட்டு விக்கினான். எல்லாம் சொல்லீட்டேனுங்க்கா, அந்தம்மா எதிர்ல நின்னுக்கிட்டே இருந்தாங்க, என்னால முடியலைங்க்கா என்றான்.

அதற்கப்புறம் பூங்கொடியிடமிருந்து ஒரு போன் இல்லை. ஒரு வார்த்தை இல்லை. பேசாமல் இருப்பதைவிடக் கேவலமாகத் திட்டியிருக்கலாம். காலையில் நர்சு எட்ட நின்று, உங்களப் பார்க்கப் பெருந்துறையிலிருந்து ஓரம்மா வந்து உட்கார்ந்திருக்காங்க, இப்பப் பார்க்க முடியாதுன்னாலும் போக மாட்டேங்கறாங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்க வந்திருக்கிறாள். உயிரோடு இருக்கிற மனுசனைச் சாகடித்தாய், எங்களை மாலையோடு தெருவில் நிறுத்தினாய், உன் மகளைக் கட்டின வீட்டுக்கே பொய் சொன்னாய் என்று கேட்பாள், கேட்கட்டும், கேட்க அவளுக்கு நியாயம் இருக்கிறது. மேசை நகர்ந்து நகர்ந்து தட்டு நெஞ்சுக்கு வந்திருந்தது. இனிமேல்தான் தெரியும். துளசிமணி மூச்சை அடக்கினாள், மூச்சு விடலாம் அம்மா, சாதாரணமா விடுங்க என்றது மைக். வெளிச்சமா, இருட்டா. இருட்டாக இருந்தால் நாளை மறுநாள் தாராபுரம், அதற்கடுத்த நாள் கட்டுச்சோறு, மகளைக் காரில் முன் சீட்டில் வைத்துத் தானே ஓட்டி வரலாம், ஒரு பள்ளத்தில் இறக்காமல் பூப்போல ஓட்டி வரலாம், பிள்ளையைக் கையில் வாங்கலாம். கடுகு கடுகாகவே இருக்கட்டும். இருட்டாகவே இருந்துவிட்டால்தான் என்ன என்று ஒரு கணம், ஒரே கணம், மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததை அவளே பார்த்துவிட்டாள். சீ, என்ன புத்தி இது. பிள்ளையை வாங்கி, ஒரு வருசம் வைத்திருந்து, அப்புறம்? அது நடக்கும்போது யார் கை பிடிப்பது, அதற்கு சைக்கிள் யார் பழக்குவது, பதினெட்டு வயசில் அதைக் கொண்டு போய் வேறு எவனிடமாவது வண்டி பழக விடுவதா? துளசிமணி பேத்தி இன்னொருத்தனிடம் கிளட்ச் பழகுவதா? அதை நினைத்தபோதுதான் உடம்பு நிஜமாகவே சூடாயிற்று. எரியுங்கடி, என்று நெஞ்சுக்குள் இருக்கிற கடுகுகளைப் பார்த்துச் சொன்னாள், பொறந்த வீட்டுப் புத்தி இருந்தால் ஒன்று பாக்கியில்லாமல் எரியுங்கள். என் உடம்பில் வளர்ந்ததுகள்தானே, எனக்குத் துரோகம் செய்தாலும் இந்த ஒரு விஷயத்தில் என் மானத்தைக் காப்பாற்றுங்கள். அப்புறம் மகள் பிரசவம் மாமியார் வீட்டில் என்ற நினைப்பு மறுபடி வந்தது, கருவேல முள் செருப்பில் ஏறுகிற மாதிரி அதே இடத்தில் ஏறியது. ஊர் என்ன சொல்லும்? ஊரை விடு, பூங்கொடி வீட்டில் ஒரு ராத்திரி தங்கினது கிடையாது அவள், மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைப்பதற்கே நூறு தரம் யோசிப்பாள், பொண்ணு வீட்டுக்காரி வந்து உட்கார்ந்துகொண்டாள் என்ற பேச்சு வரக் கூடாது. அந்த வீட்டிலா என் மகளுக்கு வெந்நீர் வைப்பார்கள். தட்டு வயிற்றைத் தாண்டிக்கொண்டிருந்தது. முதுகு வலித்தது. கால் பக்கம் இன்னும் வெகு தூரம் இருக்கிற மாதிரி இருந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டு, தாராபுரத்திலிருந்து பெருந்துறை வரைக்கும் ஒவ்வொரு வளைவாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டு போனாள்.

பட்டையை அவிழ்த்துவிட்டு எல்லாரும் தள்ளி நின்றார்கள். டாக்டரம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவரே மைக்கை எடுத்தார். நல்லாப் பிடிச்சிருக்கும்மா என்றார். ரெண்டு நுரையீரலும் பூராப் பிடிச்சிருக்கு, முதுகுல இருக்கறதும் பிடிச்சிருக்கு, இதுக்குத்தான் காத்திருந்தோம். இன்னும் ஒன்றிரண்டு தடவை மருந்து தேவைப்படும், ஆனால் வழி இருக்கிறது. ஆர்.டி.ஓ. முன்னால் தன் ஆள் ஒருத்தன் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டியதும் வருமே ஒரு கர்வம், அதுதான் முதலில் வந்தது துளசிமணிக்கு, தோள் தானாக நிமிர்ந்தது. ஒன்றுகூட ஏமாற்றவில்லை பார்த்தாயா. அந்த நிமிர்வு நடைவரைக்கும்கூடத் தாங்கவில்லை. ஒரு மாசம். கௌசிகாவுக்குப் பிரசவம் அதற்குள் ஆகிவிடும். தன் அறைக்குத் திரும்புகிற வழியில் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள், இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் மற்றவர்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம், சுவரோரமாகப் பூங்கொடி நின்றிருந்தாள். பட்டுச்சேலை இல்லை, நகை இல்லை, வீட்டில் கட்டுகிற நூல்சேலையோடு அப்படியே கிளம்பி வந்திருந்தாள். துளசிமணி தலையை நிமிர்த்திக்கொண்டாள், வாங்க சம்பந்தி என்றாள், எதற்கும் தயாராக நின்றாள். பூங்கொடி திட்டவில்லை. பாவம் பார்க்கவும் இல்லை. வியாபாரம் பேசுகிற மாதிரி நேராகப் பேசினாள்.

"தலைப்பிரசவம் தாய் வீட்லதானுங்க நடக்கோணும். உங்க வீட்டுச் சாவியக் குடுங்க."

துளசிமணிக்குப் புரியவில்லை. பூங்கொடி நிதானமாகச் சொன்னாள். கௌசிகாவைத் தாராபுரத்துக்குக் கூட்டிப் போய் இவள் வீட்டிலேயே வைத்துக்கொள்வதாம், பூங்கொடியே அங்கே வந்து தங்கி வெந்நீர் வைப்பதிலிருந்து எல்லாம் பார்ப்பதாம். கட்டுச்சோறும் இவள் வீட்டு அடுப்பில், இவள் வீட்டுப் பாத்திரத்தில் செய்து, இவள் பேரில் வருமாம். இவள் அந்த ஒரு மாசமும் பெருந்துறையில் பூங்கொடி வீட்டு மாடியில் இருக்க வேண்டும், தனிக் குளியலறை இருக்கிறது, யாரும் மேலே வர மாட்டார்கள். கௌசிகாவிடம் சொல்லியாகிவிட்டதாம். அழுதாளாம், அப்புறம் சாப்பிட்டாளாம். ஊரில் கேட்டால் தீட்டு என்றே சொல்லிக்கொள்ளலாம், காங்கயத்துப் பெரியவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்றாள், அதைச் சொல்லும்போது மட்டும் அவள் உதடு லேசாகக் கோணியது.

மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. ஒரு மாசம். அங்கே படுத்து, அங்கே சாப்பிட்டு, அவர்கள் துவைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு. முடியாது என்று சொல்ல வாய் வந்தது, பழக்க தோசம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் கையை நீட்டவும் இல்லை, பின்னால் எடுக்கவும் இல்லை, நின்றாள். இத்தனை வருசத்தில் ஒருத்தரிடமும் சொல்லாத ஒரு வாக்கியத்தை இவள் வாய்க்குள் தேடிப் பிடித்தாள்.

"நா உங்க வீட்ல வந்து இருக்கறேனுங்க," என்றாள் துளசிமணி. சாவி சின்னராசுவிடம் இருக்கிறது, பாத்திரமெல்லாம் பரண் மேல் இருக்கிறது, பெரிய தவலை அவளுடைய அம்மா கொடுத்தது, அதில்தான் சோறு ஆக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல முதுகு நேரானது. அறைக் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள்.

"புளிசாதத்துக்கு வெல்லம் போட்றாதீங்க. எங்க வீட்ல போடறதில்லீங்க."

ஆயுசு பூரா வெல்லம் போட்டே புளிசாதம் செய்தவள் பூங்கொடி. "சரிங்க, போடலீங்க," என்றாள்.